மலாக்கா நீரிணைச் சுற்றுக்காவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்குப் படகில் சாமான் கொண்டுபோய்ச் சேர்க்கும் தொழிலில் சிங்கப்பூரில் 28 ஆண்டுகள் இருந்தேன். அரிசி மூட்டை, காய்கறி, உறைய வைத்த மீன், கயிறு, பெயின்ட், நம் ஊர் மாலுமிகள் கேட்டால் ஊறுகாய் பாட்டில் என்று எல்லாமும் ஏற்றியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் கடல் பாதுகாப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பேசியது அரை மணி நேரம். கேள்விகள் ஒன்றரை மணி நேரம் நீடித்தன. அதற்கப்புறமும் கோயிலில், தெக்கா சந்தையில், கல்யாண வீட்டில் பார்ப்பவர்கள் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். நம் பிள்ளைகள் கடற்படையில் இருக்கிறார்கள், நம் உறவினர்கள் கப்பலில் வேலை பார்க்கிறார்கள், அதனால் கேட்பது நியாயம்தான். ஆளுக்குக் கொஞ்சமாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

நான் படையில் இருந்தவன் இல்லை. பொதுவில் வெளியானவற்றையும் கடலில் கண்ணால் பார்த்ததையும் மட்டும் சொல்கிறேன்.

மலாக்கா நீரிணைச் சுற்றுக்காவல் என்றால் என்ன?

இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகள் சேர்ந்து மலாக்கா நீரிணையையும் சிங்கப்பூர் நீரிணையையும் காக்கும் ஏற்பாடு. இதில் மூன்று வேலைகள் நடக்கின்றன. கடற்படைக் கப்பல்கள் நீரில் சுற்றுகின்றன. விமானங்கள் மேலிருந்து பார்க்கின்றன. தகவல் பரிமாறும் குழு ஒன்று, யார் எதைப் பார்த்தாலும் மற்ற மூன்று பேருக்கும் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்கிறது.

எல்லாருக்கும் மேலே ஒரே தளபதி என்று யாரும் கிடையாது. ஒவ்வொரு நாட்டின் கப்பலும் அந்தந்த நாட்டின் உத்தரவுப்படிதான் நகரும். "அப்படியானால் எப்படி வேலை நடக்கும்?" என்று கேட்காதவர்கள் இல்லை. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஏற்பாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இந்த நீரிணைக்கு ஏன் இவ்வளவு காவல்?

ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலாயாத் தீபகற்பம், நடுவில் ஏறக்குறைய 800 கிலோமீட்டருக்கு மேல் நீளும் நீர்ப்பாதை. வடமேற்கில் அகலமாகத் தொடங்கி, தெற்கே வர வரப் புனல்போல் ஒடுங்கும். சிங்கப்பூருக்குப் பக்கத்தில் பிலிப் சானல் என்ற இடத்தில் அதன் அகலம் 3 கிலோமீட்டர்கூட இல்லை. ஆண்டுக்கு 80,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் இதன் வழியாகப் போகின்றன. வளைகுடாவிலிருந்து சீனா, ஜப்பான், கொரியாவுக்குப் போகும் கச்சா எண்ணெயில் பெரும்பகுதி இந்த ஒடுக்கத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இடம் குறுகும்போது கப்பல் வேகத்தைக் குறைக்கும். சரக்கு நிறைய ஏற்றிய கப்பல் நீரில் தாழ்ந்து போகும், மேல்தளம் நீர்மட்டத்துக்கு நெருங்கிவிடும். இருபுறமும் நூற்றுக்கணக்கான சிறு தீவுகள். இரவில் ஒரு சிறு மரப்படகு பின்பக்கமாக வந்து ஒட்டிக்கொண்டால், மேலே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. நானே இரவு நேரங்களில் படகில் கப்பலை நெருங்கிக் குரல் கொடுத்த பிறகுதான் மேலே இருப்பவர் திடுக்கிட்டு எட்டிப் பார்த்திருக்கிறார்.

நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. சிங்கப்பூரில் நாம் சாப்பிடும் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. தெக்காவில் விற்கும் பருப்பும் வெங்காயமும் நாகப்பட்டினம், சென்னை பக்கத்துக் கடலைக் கடந்து இந்த நீரிணைக்குள் நுழைந்துதான் வருகின்றன. நம் முன்னோரும் அப்படித்தான் வந்தார்கள். ராஜூலா கப்பலில் வந்த தாத்தா பாட்டி உங்கள் வீட்டிலும் இருந்திருப்பார்கள். பினாங்கில் நின்று, கிள்ளானில் நின்று, இதே நீரில்தான் சிங்கப்பூர் வந்தது ராஜூலா. இன்னும் பின்னால் போனால், ஏறக்குறைய 1025-இல் ராஜேந்திர சோழன் கடாரத்துக்கு அனுப்பிய கப்பல்கள் தேடி வந்ததும் இந்த வழியின் பிடியைத்தான். ஆயிரம் ஆண்டாகியும் இந்த வாசலின் மதிப்பு குறையவில்லை.

எப்போது, எப்படித் தொடங்கியது?

2004 ஜூலை 20-ஆம் தேதி இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்து தொடங்கின. அந்தத் தேதிக்கு முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் விஷயம் புரியும்.

அந்தக் காலத்தில் நீரிணையில் கொள்ளை மிகவும் அதிகம். அனைத்துலகக் கடல்துறை அமைப்பு ஒன்றின் கணக்குப்படி 2004-இல் மலாக்கா நீரிணையில் மட்டும் 38 சம்பவங்கள். வெறும் திருட்டு மட்டுமில்லை. கப்பல் தலைவரைப் பிடித்துப் போய்ப் பணம் கேட்பதும் நடந்தது. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் தாக்குதல் நடந்த பிறகு, எண்ணெய்க் கப்பல் ஒன்றைப் பயங்கரவாதிகள் கடத்தினால் என்னவாகும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

2004 மார்ச் கடைசியில் அமெரிக்கப் பசிபிக் படைத் தளபதி தாமஸ் ஃபார்கோ, வட்டாரக் கடல் பாதுகாப்புக்கு ஒரு திட்டம் வைத்திருப்பதாக அவர்களது நாடாளுமன்றத்தில் பேசினார். அமெரிக்க வீரர்கள் விரைவுப் படகுகளில் நீரிணையில் இறங்கப் போகிறார்கள் என்று செய்தி பரவியது. மலேசியாவும் இந்தோனேசியாவும் உடனே மறுத்தன. எங்கள் கடலை நாங்களே காத்துக்கொள்வோம், வேண்டுமானால் பயிற்சியும் கருவியும் தாருங்கள் என்பதுதான் அவற்றின் நிலை. நான்கு மாதத்துக்குள் மூன்று நாட்டுக் கப்பல்களும் ஒருங்கிணைந்த சுற்றுக்காவலைத் தொடங்கிவிட்டன.

அடுத்த அடி லண்டனிலிருந்து வந்தது. 2005 ஜூனில் அங்குள்ள காப்புறுதிச் சந்தையின் கூட்டுப் போர்க் குழு, மலாக்கா நீரிணையைப் போர் ஆபத்துள்ள பகுதிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. போர் நடக்கும் நாடுகளோடு நம் நீரிணையும் ஒரே பட்டியலில்! அப்போது கப்பல்களில் பேச்செல்லாம் கூடுதல் காப்புறுதிப் பணத்தைப் பற்றித்தான். யார் கட்டுவது, சரக்குக்காரரா கப்பல்காரரா என்று சண்டை. அதே ஆண்டு செப்டம்பரில் விமானக் கண்காணிப்பு தொடங்கியது. 2006 ஏப்ரலில் கடலையும் வானையும் ஒன்றாக்கி இப்போதுள்ள பெயரை வைத்தார்கள். 2006 ஆகஸ்டில் லண்டன் குழு நீரிணையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

தாய்லாந்து 2008-இல் சேர்ந்தது.

கொள்ளை குறைந்ததற்குச் சுற்றுக்காவல் மட்டும்தான் காரணமா?

இல்லை. இதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

38 ஆக இருந்த சம்பவங்கள் 2005-இல் 12 ஆயின, 2008-இல் வெறும் 2. சுற்றுக்காவலுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் 2004 டிசம்பர் 26-இல் வந்த சுனாமி, சுமத்ராவின் வடமுனையில் இருக்கும் ஆச்சே மாநிலத்தின் கடற்கரையையே புரட்டிப் போட்டது. படகும் போனது, ஊரும் போனது. 2005 ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் இந்தோனேசிய அரசும் ஆச்சே விடுதலை இயக்கமும் சமாதான உடன்பாட்டில் கையெழுத்திட்டன. ஆட்களைக் கடத்திப் பணம் பறித்த சம்பவங்களில் சிலவற்றுக்கு ஆச்சேயில் அரசுக்கும் அந்த இயக்கத்துக்கும் நடந்துவந்த போரோடு தொடர்பு இருந்ததாகப் பேசப்பட்ட காலம் அது. கரையில் சமாதானம் வந்ததும் கடலிலும் அடங்கியது. கடற்கொள்ளையன் கடலில் பிறப்பதில்லை, அவனுக்கும் ஒரு கரை உண்டு, அங்கே அவன் பசியும் கடனும் இருக்கின்றன. சிங்கப்பூருக்குத் தெற்கே இருக்கும் இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகளில் மீனவர்களோடு மலாயில் பேசிப் பழகியவன் என்பதால் இதை நிச்சயமாகச் சொல்வேன்.

ஒருங்கிணைந்த காவலும் கூட்டுக் காவலும் ஒன்றில்லையா? ஏன் இந்தச் சொல் விளையாட்டு?

சொல் விளையாட்டு இல்லை. அரசுகள் மிகுந்த கவனத்தோடு தேர்ந்தெடுத்த சொல் அது.

கூட்டுக் காவல் என்றால் ஒரு நாட்டுக் கப்பல் இன்னொரு நாட்டின் கடலுக்குள் போய்க் குற்றவாளியைப் பிடிக்கலாம் என்று ஆகும். அதற்கு யாரும் சம்மதிக்கவில்லை. ஒருங்கிணைந்த காவலில் ஒவ்வொருவரும் அவரவர் எல்லைக்குள்தான் சுற்றுவார்கள், ஆனால் எப்போது எங்கே சுற்றுவது என்பதைப் பேசி வைத்துக்கொள்வார்கள்.

திருடனின் படகு சிங்கப்பூர்க் கடலில் இருந்து இந்தோனேசியக் கடலுக்குள் ஓடுகிறது என்று வையுங்கள். இங்கே பத்து நிமிடம் ஓடினால் எல்லை வந்துவிடும். நம் கப்பல் கோட்டில் நின்றுவிட வேண்டும். துரத்திப் போகும் உரிமை இல்லை. ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இந்தோனேசியக் கப்பலுக்கு அதற்குள் தகவல் போயிருக்கும்: இன்ன நிறப் படகு, இத்தனை பேர், இந்தத் திசை. கையிலிருந்து கைக்குப் பந்தைக் கொடுப்பது போல ஒப்படைக்கிறார்கள்.

அந்த ஒரு தொலைபேசி அழைப்பு ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டுமானால், எடுக்கிறவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும், அவர் நம்மை நம்ப வேண்டும். இந்த நம்பிக்கை 2004-இல் திடீரென்று முளைக்கவில்லை. இந்தோனேசியாவும் சிங்கப்பூரும் 1992 முதலே இருநாட்டுச் சுற்றுக்காவல் நடத்திவந்தன, நேரடித் தொலைபேசி இணைப்பு வைத்திருந்தன. 2005-இல் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில் இரு நாட்டுக் கடற்படைகளும் சேர்ந்து, சிங்கப்பூர் நீரிணையின் கடல் நிலவரத்தை இரு தரப்பும் ஒரே நேரத்தில் திரையில் பார்க்கும் ஏற்பாட்டைச் செய்தன. சண்டைக்கப்பல் வாங்குவதைப் போல இது செய்தியில் பெரிதாக வராது. என்னைக் கேட்டால், அதைவிட முக்கியம் இதுதான்.

விமானம் எப்படி உதவுகிறது? அதற்கும் எல்லை உண்டல்லவா?

அங்கேதான் நான்கு நாடுகளும் ஓர் அடி தாராளமாக எடுத்து வைத்தன. "வானில் கண்கள்" என்று பொருள்படும் பெயரில் நடக்கும் இந்தப் பணியில், ஒரு நாட்டு விமானம் மற்ற நாட்டுக் கடலின் மேலும் பறக்கலாம், கரையிலிருந்து 3 கடல் மைல் தள்ளி இருக்க வேண்டும், அவ்வளவுதான். 3 கடல் மைல் என்பது ஐந்தரைக் கிலோமீட்டர்.

விமானத்துக்குள் எல்லா நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள் என்பது இதில் எனக்குப் பிடித்த பகுதி. சிங்கப்பூர் விமானம் பறந்தால் அதில் இந்தோனேசியரும் மலேசியரும் இருப்பார்கள். சந்தேகமான படகு கண்ணில் பட்டால் அது யாருடைய கடலில் இருக்கிறதோ அந்த நாட்டுக்காரரே தம் கரைக்குத் தகவல் சொல்வார். உளவு பார்க்கிறார்கள் என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை, ஏனென்றால் பார்க்கப்படுகிறவரும் அதே விமானத்தில் இருக்கிறார்.

விமானத்திலிருந்து திருடனைப் பிடிக்க முடியாது, உண்மைதான். கீழே கப்பல் பக்கத்தில் இல்லாவிட்டால் பார்த்ததோடு சரி. பறக்கும் நேரம் போதாது என்று தொடக்கத்திலிருந்தே குறை சொன்னவர்கள் உண்டு. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது.

சாங்கியில் பல நாட்டு அதிகாரிகள் ஒரே அறையில் வேலை செய்கிறார்களாமே?

ஆமாம். தகவல் ஒருங்கிணைப்பு நிலையம் என்று சொல்லலாம். 2009 ஏப்ரலில் சிங்கப்பூர்க் கடற்படை அதைச் சாங்கியில் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் ஆள் இருக்கும். பல நாடுகள் தங்கள் கடற்படையிலிருந்தோ கடலோரக் காவல் படையிலிருந்தோ தொடர்பு அதிகாரிகளை அங்கே அனுப்பி வைக்கின்றன. இந்தியாவும் அனுப்புகிறது. இரண்டு மூன்று ஆண்டு இங்கேயே குடும்பத்தோடு தங்கி வேலை பார்ப்பார்கள், பிறகு அடுத்தவர் வருவார்.

கப்பல் ஒன்றிலிருந்து உதவிக் குரல் வருகிறது. அந்தக் கப்பல் எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறது, முதலாளி எந்த ஊர், மாலுமிகள் யார், கடைசியாக எங்கே இருந்தது, இப்போது யாருடைய கடலில் போகிறது என்று ஐந்து கேள்விக்கு ஐந்து நாட்டில் பதில் இருக்கும். கடிதம் எழுதிக் கேட்டால் கப்பல் எங்கேயோ போயிருக்கும். இங்கே பக்கத்து மேசையில் இருப்பவரைக் கேட்கலாம்.

2015 ஜூனில் நடந்ததைச் சொல்கிறேன். ஆர்கிம் ஹார்மனி என்ற மலேசிய எண்ணெய்க் கப்பல், ஏறக்குறைய 6,000 டன் பெட்ரோலோடு மலாக்காவிலிருந்து குவாந்தானுக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஜொகூர்க் கடற்பகுதியில் கடத்தப்பட்டது. 22 பேர் கப்பலில் இருந்தார்கள். கடத்தியவர்கள் கப்பலின் பெயரில் முன்னும் பின்னும் எழுத்துகளை அழித்து "கிம் ஹார்மன்" என்று மாற்றிவிட்டார்கள். தேடல் பல நாடுகளுக்குப் பரவியது. ஆஸ்திரேலியக் கண்காணிப்பு விமானம் கப்பலைக் கண்டது, மலேசியக் கடற்படை பின்தொடர்ந்தது. கடத்தல்காரர்கள் இரவோடு இரவாக உயிர்காப்புப் படகில் தப்பி வியட்நாம் பக்கம் போனார்கள், அங்கே எட்டுப் பேரை வியட்நாம் பிடித்தது. இவ்வளவு நாடுகளுக்கும் இடையே தகவல் ஓடியதில் சாங்கி நிலையத்துக்கும் பங்கு உண்டு. காலில் குண்டடி பட்ட சமையல்காரர் உட்பட எல்லாரும் உயிரோடு மீண்டார்கள். கப்பல் சமையல்காரர்களோடுதான் எனக்குத் தினமும் வேலை இருந்தது, அதனால் அந்தச் செய்தியைப் படித்தபோது மனது கனத்துவிட்டது.

கடற்கொள்ளை, கடல் திருட்டு என்று இரண்டு விதமாக எழுதுகிறார்களே?

சட்டத்தில் இரண்டும் வேறு. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத திறந்த கடலில் நடந்தால் கடற்கொள்ளை, அதை எந்த நாட்டுப் படையும் பிடிக்கலாம். ஒரு நாட்டின் 12 கடல் மைல் எல்லைக்குள் நடந்தால் கப்பல்மீதான ஆயுதத் திருட்டு, அதைப் பிடிக்கும் உரிமை அந்த நாட்டுக்கு மட்டும்தான். நம் நீரிணையில் பெரும்பகுதி யாராவது ஒருவருடைய எல்லைக்குள் வந்துவிடுகிறது. சோமாலியாவில் வெளிநாட்டுப் போர்க்கப்பல்கள் கொள்ளையரைப் பிடித்ததைப் போல இங்கே ஏன் செய்யக்கூடாது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சிங்கப்பூரில் கடற்கொள்ளைக்கென்று இன்னொரு அனைத்துலக அலுவலகமும் இருக்கிறதே, அது என்ன?

ரீகாப் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஜப்பான் முன்னின்று, 2004-இல் ஆசிய நாடுகள் பேசி முடித்த உடன்பாடு. 2006 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது, அதே ஆண்டு நவம்பரில் தகவல் நிலையம் சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. இது அரசுகளுக்கு இடையிலான உடன்பாடு, படைப்பணி இல்லை. சம்பவங்களைச் சேகரித்து, வகை பிரித்து, எல்லாருக்கும் எச்சரிக்கை அனுப்புவது இதன் வேலை. மலேசியாவும் இந்தோனேசியாவும் இதில் உறுப்பினராகச் சேரவில்லை. நீரிணையின் இரு பெரிய கரைகளும் வெளியே நிற்பது ஒரு குறைதான். ஆனாலும் நடைமுறையில் தகவல் கொடுத்து வாங்குகிறார்கள்.

இவ்வளவு காவல் இருந்தும் இப்போது சம்பவங்கள் ஏன் கூடியிருக்கின்றன?

மிகவும் நல்ல கேள்வி. ரீகாப் கணக்குப்படி 2023-இல் மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளில் 63 சம்பவங்கள். 2025-இன் முதல் ஆறு மாதத்திலேயே 80. படித்தவுடன் பழைய காலம் திரும்பிவிட்டது போலத் தோன்றும்.

ஆனால் நடப்பது வேறு. பெரும்பாலும் சிங்கப்பூர் நீரிணையில், இருட்டில், மெதுவாகப் போகும் சரக்குக் கப்பலில் நான்கைந்து பேர் ஏறுகிறார்கள். இயந்திர அறைக்குப் போய் உதிரிபாகங்களை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். மாலுமி பார்த்துவிட்டால் ஓடிவிடுவதுதான் வழக்கம். பல சம்பவங்களில் ஒன்றுமே களவு போவதில்லை. கப்பலைக் கடத்துவதோ ஆளைக் கடத்துவதோ இல்லை.

அதற்காக இதைச் சில்லறைத் திருட்டு என்று தள்ளிவிடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. கத்தியோடு வருபவர்களும் உண்டு. கட்டிப்போடப்பட்ட மாலுமிக்கு அது சில்லறை இல்லை. போக்குவரத்து நெருக்கமான அந்த இடத்தில் கப்பலை ஓட்டுகிறவர் பத்து நிமிடம் கவனம் சிதறினால் மோதல் நடக்கலாம், எண்ணெய் கொட்டலாம், ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை கறுத்துப் போகலாம். கப்பல் நகர்ந்துகொண்டே இருப்பதால் திருட்டு ஒரு நாட்டுக் கடலில் தொடங்கி இன்னொன்றில் முடிகிறது. திருடர்களுக்கு எல்லைக்கோடுகள் எங்கே இருக்கின்றன என்று நன்றாகத் தெரியும். போர்க்கப்பலால் இதை முடிக்க முடியாது. களவுப் பொருளைக் கரையில் வாங்குகிறவரை அந்தந்த நாட்டுக் காவல்துறை பிடிக்க வேண்டும். இந்த வேலைக்கு 2004-இல் காட்டிய அவசரம் இப்போதும் வேண்டும்.

அண்டை நாடுகளுக்குள் தகராறு வந்தால் சுற்றுக்காவல் நின்றுவிடாதா?

பெட்ரா பிராங்கா தீவை நினைத்துப் பாருங்கள். 1851 முதல் கலங்கரை விளக்கம் நிற்கும் அந்தப் பாறைக்காகச் சிங்கப்பூரும் மலேசியாவும் அனைத்துலக நீதிமன்றம்வரை போயின. 2008 மே மாதம் தீவு சிங்கப்பூருக்கு உரியது என்று தீர்ப்பானது. அந்த வழக்கு நடந்த ஆண்டுகளில்தான் இரு நாட்டுக் கடற்படைகளும் சேர்ந்து சுற்றுக்காவலைத் தொடங்கி வளர்த்தன. 2018 கடைசியில் துவாஸ் பக்கம் கடல் எல்லைத் தகராறு சூடானபோதும் இந்த ஏற்பாடு கலையவில்லை. வேலி தகராறு இருக்கும் இரு வீட்டுக்காரர்கள், தெருவில் திருடன் வந்தால் சேர்ந்து விளக்கைப் போடுவதில்லையா?

ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது 1971-இல் தொடங்கியது. சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் சேர்ந்தது. மலேசியாவுக்கோ சிங்கப்பூருக்கோ தாக்குதல் வந்தால் ஐவரும் கலந்து பேச வேண்டும் என்பது அதன் சாரம். இந்தோனேசியா அதில் இல்லை.

சிங்கப்பூர் வீரர்கள் வெளிநாட்டிலும் இப்படிப் பணி செய்திருக்கிறார்களா?

நிறைய. ஏடன் வளைகுடாவில் சோமாலியக் கொள்ளையரைத் தடுக்க 2009 முதல் சிங்கப்பூர் கப்பல் அனுப்பியது. பல நாடுகள் சேர்ந்த 151-ஆம் பணிப்படைக்கு 2010-இல் முதன்முறையாகச் சிங்கப்பூரரான பெர்னார்ட் மிராண்டா தலைமை ஏற்றார். அதன் பிறகும் சிங்கப்பூர் பலமுறை தலைமை ஏற்றிருக்கிறது. ஆப்கானிஸ்தானுக்கு 2007 முதல் 2013 வரை 492 பேர் போனார்கள். பாமியானில் நியூசிலாந்துக்காரர்களோடு சேர்ந்து மருத்துவ உதவி, கட்டுமானம் போன்ற வேலைகளைப் பார்த்தார்கள். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுச் செய்த வேலைதான் நிலைத்தது என்று போய்வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் என் மனதில் நிற்பது ஆச்சேதான். சுனாமி வந்த சில நாட்களில் சிங்கப்பூர் ஆயுதப் படை மூலாபோவில் இறங்கியது. சாலை இல்லை, படகுத்துறை இல்லை. பெரிய கப்பல்களிலிருந்து சிறு இறங்குகலங்களிலும் ஹெலிகாப்டர்களிலும் தண்ணீரும் மருந்தும் கனரக வண்டிகளும் கரைசேர்ந்தன. இந்தோனேசியப் படையினரோடு பழகிய பழக்கம் ஏற்கெனவே இருந்ததால்தான் இவ்வளவு வேகமாகப் போக முடிந்தது. பேரிடர் உதவியை ஒருங்கிணைக்க 2014-இல் சாங்கியில் தனி நிலையமே திறந்தார்கள்.

என் மகன் தேசிய சேவையில் கடற்படைக்குப் போயிருக்கிறான். கொள்ளையர்களோடு மோத வேண்டியிருக்குமா?

தாய்மார்கள் அதிகம் கேட்கும் கேள்வி. முழுநேரத் தேசிய சேவையாளர்கள் காவல் கப்பல்களிலும் வேலை செய்கிறார்கள். போலீஸ் கடலோரக் காவல் படையிலும் இருக்கிறார்கள். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் ஏறிப் பாதுகாப்புக்கு நிற்கும் குழுக்கள் 2005-இலிருந்து இருக்கின்றன, அவற்றிலும் இளைஞர்கள் இருந்திருக்கிறார்கள். பயிற்சி கொடுத்து, அனுபவமுள்ள அதிகாரியின் கீழ்தான் அனுப்புவார்கள். ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், கடல் கடல்தான். ஆனால் அவனுடைய பெரும்பாலான நேரம் பார்ப்பது, பதிவது, அழைப்பது, காத்திருப்பது என்றுதான் போகும். தூக்கம் கெடும். வீட்டுக்கு வந்தால் தூங்க விடுங்கள் அம்மா.

தம்பி சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான், சிங்கப்பூர் வழியாக அடிக்கடி போகிறான். அவனுக்கு என்ன சொல்வது?

நீரிணைக்குள் நுழையும் முன்பே இயந்திர அறைக்கும் உதிரிபாக அறைக்கும் போகும் கதவுகளை உள்ளிருந்து பூட்டச் சொல்லுங்கள். இரவில் பின்தளத்தில் ஆள் நிற்க வேண்டும், தனி ஆளாக நிற்கக்கூடாது. விளக்குகள் எரியட்டும். சிறு படகு ஒட்டிவருவதைப் பார்த்தால் சங்கை ஊதி எல்லாரையும் எழுப்ப வேண்டும். தாங்கள் பார்க்கப்பட்டுவிட்டோம் என்று தெரிந்தாலே பெரும்பாலோர் திரும்பிவிடுகிறார்கள். ஏறிவிட்டால் எதிர்த்து நிற்கவே கூடாது. பாதுகாப்பான அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு, பக்கத்தில் உள்ள கரையோர நாட்டுக்கும் கப்பல் போக்குவரத்து நிலையத்துக்கும் வானொலியில் சொல்ல வேண்டும்.

களவு போகாவிட்டாலும் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். கப்பல் தாமதமாகும், விசாரணைக்கு நிற்க வேண்டியிருக்கும் என்று பயந்து சில கப்பல் தலைவர்கள் சொல்லாமலே போய்விடுகிறார்கள். உதிரிபாகம் இரண்டு காணவில்லை என்று மறுநாள் காலையில் என்னிடம் மெதுவாகச் சொன்னவர்கள் உண்டு, அரசிடம் சொன்னீர்களா என்று கேட்டால் கையை விரிப்பார்கள். நேரம், இடம், படகின் நிறம், எத்தனை பேர், எந்தப் பக்கம் ஓடினார்கள் என்ற ஐந்தும் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த இரவு காவல் கப்பல் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்ய முடியும். உங்கள் தம்பிக்குப் பின்னால் அதே வழியில் வரும் கப்பலிலும் யாரோ ஒருவருடைய தம்பி இருக்கிறான்.